ஆண்டியும் ஆன்டியும்: சொற்பட்டியல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கென்று ஆங்கிலச் சொற்பட்டியல் தயாரித்து அனுப்பிய குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

உங்கள் பட்டியலின் முதற்பக்கத்தில், மதத்தை எதிர்ப்பதைக் குறிக்கும் ‘ஆன்டிரிலிஜியஸ்’ (antireligious) என்ற ஆங்கிலச் சொல் இடம்பெற்றிருக்கிறது. அதன் ஆங்கில எழுத்துக்கூட்டு பிழை. அதைத் தமிழில் ஒலிபெயர்த்திருக்கும் விதம் பிழை. பொருள் என்று நீங்கள் அச்சிட்டிருப்பதோ பிழை என்ற அளவில் நிற்காமல் வசையாகவே ஆகிவிட்டது. ஒரே வரியில் மூன்றையும் செய்து முடித்த பிறகு, அந்த வரியை வைத்தே ஓணப் பரீட்சையில் கேள்வியும் கேட்டு, சரியாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறீர்கள். வாய்மொழியாக இரண்டு முறை முறையிட்டுப் பார்த்தும் பயனில்லாமல் போனதால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர்) கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பேருந்துப் பலகையிலும் ரேஷன் அட்டையிலும் மலையாளம், மேற்படிப்புக்கு ஆங்கிலம். வேலந்தாவளத்தைத் தாண்டிப் போனால் கிடைக்கும் தமிழ்நாட்டு அகராதிகளும் உரைநூல்களும் இங்குள்ள பாடத்திட்டத்தோடு பொருந்துவதில்லை. இங்கே அச்சாகும் துணைநூல்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கின்றன. ஆகவே ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்று ஒரு பிள்ளை பார்க்க விரும்பினால் அதன் கையில் இருப்பது நீங்கள் அனுப்பிய அந்தச் சொற்பட்டியல் புத்தகம் ஒன்றுதான். அதில் இருப்பது வேதவாக்கு. அந்த நம்பிக்கைக்கு உரிய கவனம் அதில் இல்லை என்பதே என் முறையீடு.

நடந்தது இதுதான். எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி மாலை நேரங்களில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருவாள். ஓணப் பரீட்சை முடிந்து திருத்திய தாளைக் கொண்டு வந்து காட்டினாள். சொல்லைச் சரியான எழுத்துக்கூட்டில் எழுதும் கேள்விக்குப் பூச்சியம்; அதே சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதும் கேள்விக்கும் பூச்சியம். அவள் எழுதியிருந்த எழுத்துக்கூட்டில் ஒரு குறையும் இல்லை. பொருளாக அவள் எழுதியிருந்தது “மதத்தை எதிர்க்கிற” என்பது. விடைக்குறிப்பில் உங்கள் பட்டியலின்படி “நாத்திகன், மதத்துரோகி” என்று இருந்ததால் ஆசிரியர் அவள் விடையை அடித்துவிட்டார். ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். விடைக்குறிப்பை மீறி மதிப்பெண் போட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டு மதிப்பெண்ணுக்காக ஒரு மடலா என்று நீங்கள் நினைக்கக்கூடும். அந்தப் பெண்ணின் தகப்பனார் பால் சொசைட்டியில் வேலை செய்கிறார். கோயிலுக்குப் போகாதவர், வீட்டில் சாமி படம் மாட்டாதவர், அதை ஒளிக்காமல் சொல்கிறவர். மலையாளத்தில் அவரை யுக்திவாதி என்பார்கள், நாங்கள் பகுத்தறிவாளர் என்போம். பட்டியலை மனப்பாடம் செய்த வகுப்புப் பிள்ளைகள், பொருளை உரக்கப் படித்துவிட்டு, அவளைப் பார்த்து “உங்கப்பா மதத்துரோகியாமே” என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் அதைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த புத்தகத்தில் படித்துவிட்டுத்தான் கேட்டார்கள்.

முதலில் எழுத்துக்கூட்டைப் பார்ப்போம், அதில் வாதத்துக்கு இடமே இல்லை. அந்தச் சொல்லுக்குப் பதின்மூன்று எழுத்துகள். முன்னொட்டு நான்கு எழுத்து: ஏ, என், டி, ஐ. அதன் பின் ஒன்பது எழுத்தில் ரிலிஜியஸ். நீங்கள் முன்னொட்டின் கடைசி எழுத்தாக ஐ-க்குப் பதில் ஈ-யைப் போட்டிருக்கிறீர்கள். இது அச்சுப்பிழையாகத் தோன்றலாம், ஆனால் அதனால் வேறொரு முன்னொட்டு வந்து சேர்ந்துவிட்டது. ஐ-யில் முடிவது கிரேக்கத்திலிருந்து வந்தது, ‘எதிர்’ என்று பொருள். ஈ-யில் முடிவது இலத்தீன், ‘முன்’ என்று பொருள். கடிகார நேரத்தில் முற்பகலைக் குறிக்க நாம் எழுதும் ஏ.எம். என்பதில் உள்ள ஏ அந்த இலத்தீன் முன்னொட்டின் சுருக்கம்தான்; கர்ப்பிணிகள் மருத்துவமனைச் சீட்டில் காணும் ஆன்டிநேட்டல் என்ற சொல்லும் ‘பிறப்புக்கு முந்திய’ என்பதே ஒழிய ‘பிறப்புக்கு எதிரான’ என்பதல்ல. உங்கள் எழுத்துக்கூட்டுப்படி பார்த்தால் அந்தச் சொல்லுக்கு மதத்துக்கு முந்திய காலம் என்று யாராவது பொருள் கொண்டாலும் மறுக்க முடியாது. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: ஆன்டிசிப்பேட் என்ற சொல்லில் ஐ எழுதினாலும் அதன் வேர் ‘முன்’ என்னும் இலத்தீன்தான். விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் உங்கள் சொல் அந்த விதிவிலக்கில் வரவில்லை.

அவள் முன்னொட்டுக்குப் பின் ஒரு சிறுகோடு இட்டிருந்தாள். அதையும் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார். அமெரிக்க அகராதிகள் கோடில்லாமல் ஒரே சொல்லாக எழுதுகின்றன. பிரித்தானிய வழக்கில் கோடு இடுவது இயல்பு. நிறத்துக்கு யூ சேர்த்துக் கலர் எழுதச் சொல்லும் நம் பாடநூல்கள் பிரித்தானிய வழக்கைப் பின்பற்றுகிறவை என்பதால் கோடிட்டவளே பாடநூலுக்கு விசுவாசமானவள். இரண்டையும் ஏற்பதே முறை.

தமிழ் ஒலிபெயர்ப்புக்கு வருகிறேன். “ஆண்டி ரிலிஜியஸ்” என்று மூன்றுசுழி ண் போட்டு அச்சிட்டிருக்கிறீர்கள். இங்கிருந்து தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகிறவர்கள் ஏராளம். நானும் முழங்கால் இடம் கொடுத்த வரைக்கும் போனவன். பழநி ஆண்டி என்றால் எங்களுக்கு முருகன். அந்த ஆண்டியின் பெயரை மத எதிர்ப்புக்கு முன்னால் கொண்டுபோய் ஒட்டினால், பட்டியலைப் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை அதை ‘பக்தியுள்ள ஆண்டி’ என்று எடுத்துக்கொண்டால் அதன் மேல் குற்றமில்லை. ட் ஒன்று கூட்டி ஆன்ட்டி என்று எழுதினாலோ பக்கத்து வீட்டு அத்தை வந்துவிடுவார். ‘ஆன்டி’ என்று எழுதினால் போதுமானது. தமிழ் விவிலியத்தில் இதே கிரேக்க முன்னொட்டை ‘அந்திக்கிறிஸ்து’ என்று வழங்கியிருக்கிறார்கள். மாலை நேரத்துக்கும் அந்திதானே என்று இன்றுவரை யாரும் குழம்பியதில்லை, ஏனென்றால் அந்தச் சொல் அங்கே இடமறிந்து, விளக்கத்தோடு வருகிறது. ஒற்றை வரியில் பொருளைச் சொல்லிவிட்டுப் போகும் பட்டியலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

முன்னொட்டைப் பார்த்தவுடன் மதத்துக்கு எதிரான ஆள் என்று முடிவுகட்டும் பழக்கமும் ஆபத்தானது. வினாடி வினாவுக்காகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் 28 எழுத்துச் சொல் ஒன்று உண்டு, ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம் என்று. அதுவும் ஆன்டியில்தான் தொடங்குகிறது. ஆனால் அதன் பொருள் இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசு அளித்துவந்த தகுதியைப் பறிக்கக் கூடாது என்று வாதிட்டவர்களின் நிலைப்பாடு. அயர்லாந்தில் 1871-ல் அந்தத் தகுதி நீக்கம் நடைமுறைக்கு வந்தது. அதைப் போன்ற நீக்கங்களை எதிர்த்தவர்களைத்தான் அந்த நீண்ட சொல் குறிக்கிறது. அவர்கள் திருச்சபையின் காவலர்கள். எதை எதிர்க்கிறார் என்பது முன்னொட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

இனி, பொருள். இதுதான் முக்கியமானது.

உங்கள் பட்டியலில் உள்ள ஆங்கிலச் சொல் பெயரடை. ஒரு நூலை, ஒரு பேச்சை, ஓர் இயக்கத்தை, ஒரு சட்டத்தை அப்படி வருணிக்கலாம். ‘நாத்திகன்’ ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல், அதுவும் அன் விகுதி பெற்ற ஆண்பால். இலக்கணத்தில் அங்கேயே வழுக்கிவிட்டது. அந்தப் பிள்ளை எழுதிய “மதத்தை எதிர்க்கிற” என்பது பெயரெச்சத் தொடராக நின்று அந்தப் பெயரடைக்கு ஈடாகிறது. பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இருந்த இலக்கண உணர்வு உங்கள் விடைக்குறிப்புக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதைவிடக் கடவுள் மறுப்பும் மத எதிர்ப்பும் ஒன்றல்ல என்பது பெரிய செய்தி. இதை நிறுவ வெகுதூரம் போக வேண்டாம், பாலக்காட்டிலேயே ஜைனிமேடு இருக்கிறது. உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரை ஏற்காத சமணம் அங்கே கோயில் கட்டி வழிபட்டிருக்கிறது. வேதத்தை இகழ்பவனே நாத்திகன் என்று மனுநீதி வகுத்த பழைய கணக்கில் சமணரும் பௌத்தரும் நாத்திகர்களே. ஆனால் அவர்களைவிட மதத்தில் ஊறியவர்கள் யார்? மறுபக்கம், கடவுளை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு கோயிலையும் சடங்கையும் சாடிய சிவவாக்கியர் போன்ற சித்தர்கள் நமக்கு உண்டு. அவர்களை நாத்திகர் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கடவுளை மறுத்தும் மதத்தில் இருக்கலாம், கடவுளை ஏற்றும் மத அமைப்பை எதிர்க்கலாம் என்ற இரண்டுக்கும் தமிழ்நிலத்தில் இவ்வளவு பழைய சான்று இருக்கையில், இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தது எப்படி?

மதம் என்ற சொல்லே தமிழ் இலக்கணத்தில் முதலில் கொள்கையைக் குறித்தது. நன்னூல் எழுவகை மதம் என்று அடுக்குகிறதே, அதில் உடன்படல் ஒரு மதம் என்றால் அடுத்தபடியாக மறுத்தலும் ஒரு மதம். அதைச் சொன்ன பவணந்தியார் சமணர், உங்கள் பட்டியலின் கணக்கில் நாத்திகன். நாத்திகன், மதத்துரோகி என்று இரண்டையும் ஒரே பொருளாக அடுக்கிவிட்டதால் அவரும் துரோகி ஆகிறார். நன்னூலை இன்னும் பாடத்தில் வைத்திருக்கிறோம்.

துரோகி என்ற சொல் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். மலையாளப் பள்ளிகளுக்கான பட்டியலையும் வாங்கிப் பார்த்தேன். அதில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு மதவிருத்தம், அதாவது மதத்துக்கு எதிரானது, என்று இருக்கிறது; நிரீச்வரவாதம் (கடவுள் மறுப்பு), யுக்திவாதம் (பகுத்தறிவுவாதம்), மதேதரம் (மதச்சார்பற்றது) ஆகியவை தனித்தனி ஆங்கிலச் சொற்களுக்கு நேராகத் தனித்தனியாக நிற்கின்றன. ஒரு குறையும் சொல்ல முடியாத பட்டியல். விருத்தம் என்ற சொல் நமக்குக் கம்பனின் பாவகையை நினைவூட்டும் என்பதால் தமிழாக்கியவர் அதை விரோதமாக்கி, விரோதத்தைத் துரோகமாக்கியிருக்க வேண்டும். விரோதி எதிரில் நிற்பவன். துரோகி கூட இருந்து கெடுப்பவன். துரோகம் செய்ய வேண்டுமானால் முதலில் விசுவாசம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காத வாக்கை ஒருவர் எப்படி மீறுவார்? மலையாளம் படிக்கும் பிள்ளைக்கு விளக்கமும் தமிழ் படிக்கும் பிள்ளைக்குத் தீர்ப்பும் கிடைத்திருக்கின்றன என்பதே எனக்கு உறுத்துகிறது.

அந்தப் பெண் தாளை நீட்டிவிட்டு என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. “சார், அப்படீன்னா வைக்கத்துல போராடினவங்களும் மதத்துரோகிங்களா?” 1924-ல் தொடங்கி 1925 வரை நடந்த வைக்கம் சத்தியாக்கிரகத்தை அவள் பாடத்தில் படித்திருக்கிறாள். அங்கே கேட்டது மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்கும் உரிமையை. டி.கே. மாதவனும் கே.பி. கேசவமேனனும் முன்னின்ற போராட்டம் அது. மதத்தின் பெயரால் நடந்த ஒரு வழக்கத்தை எதிர்த்தார்கள், மதத்தை எதிர்க்கவில்லை. அங்கே வந்து சிறை சென்ற பெரியார் அப்போது காங்கிரஸ்காரர். பின்னாளில் அவர் மதத்தையே வெளிப்படையாக எதிர்த்தார், அந்தக் கட்டத்தில் இந்த ஆங்கிலச் சொல்லை அவருக்குப் பொருத்தினால் அவரே மறுத்திருக்க மாட்டார். ஒரே மனிதரின் இரண்டு காலங்களுக்கு இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. கேரளத்துச் சீர்திருத்தத் துறவி நாராயண குருவின் “ஒரு ஜாதி, ஒரு மதம், ஒரு தெய்வம்” என்பதை “ஜாதி வேண்டா, மதம் வேண்டா, தெய்வம் வேண்டா” என்று மாற்றிச் சொன்ன சகோதரன் ஐயப்பன் குருவின் சீடராகவே இருந்தவர். அவர் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. இந்த வேறுபாடுகளை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய பிள்ளைக்கு நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு வசைச்சொல்.

அந்தச் சொல்லின் சுற்றத்தாரையும் விட்டுவைக்கவில்லை. இர்ரிலிஜியஸ் என்பதற்கு ஒற்றை ஆர் போட்டிருக்கிறீர்கள். எதிர்மறை முன்னொட்டின் என், ஆர் எழுத்தைக் கண்டால் தானும் ஆர் ஆகிவிடும், இர்ரெகுலர் போல; மரம் ‘கள்’ விகுதியோடு சேர்ந்தால் மரங்கள் ஆவதைப் படித்த பிள்ளைக்கு இதை ஒரு நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கலாம். பொருள், மதப்பற்று இல்லாத என்பது. எதிர்ப்பு அதில் கட்டாயமில்லை. செக்யுலர் என்பதற்கு ‘மதமில்லாத’ என்று போட்டிருக்கிறீர்கள். 1976-ல் 42-ஆம் திருத்தத்தால் அரசமைப்பின் முகப்புரையில் சேர்ந்த சொல் அது, மதச்சார்பற்ற என்று ஊரெல்லாம் வழங்குவது.

எல்லாவற்றிலும் கொடுமை சாக்ரிலீஜியஸ். அதை ரிலிஜியஸ் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டிலேயே எழுதி, ‘மிகுந்த மதப்பற்றுள்ள’ என்று பொருள் கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லில் ரிலிஜியன் இல்லவே இல்லை. எஸ், ஏ, சி, ஆர் முடிந்ததும் ஐ வரும், எல்-லுக்குப் பிறகுதான் ஈ. இலத்தீனில் அது புனிதப் பொருளைத் திருடுவதைக் குறித்த சொல், இன்று புனிதத்தை அவமதிப்பது என்று விரிந்திருக்கிறது. சிவன் சொத்து குலநாசம் என்று நம் கிழவிகள் சொல்லும் அந்தக் குற்றத்துக்குப் பக்தி என்று பொருள் கொடுத்துவிட்டு, கோயிலுக்குப் போகாத மனிதரைத் துரோகி என்கிறது உங்கள் பட்டியல். நான் கோயிலுக்குப் போகிறவன் என்பதாலேயே இதைக் கூடுதல் கோபத்தோடு எழுதுகிறேன்.

முறையிட்டபோது எனக்குக் கிடைத்த பதில், பட்டியல் மேலிடத்தில் ஒப்புதல் பெற்றது, தமிழ்ப் பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பது. எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு எனக்குப் புதிதல்ல. ஆனால் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்கும் வசதியை மாநிலங்கள் செய்துதர வேண்டும் என்ற 350-ஏ பிரிவு அரசமைப்பில் சேர்ந்தது 1956-ல், கேரளம் பிறந்த அதே ஆண்டில். அதற்கு முந்திய 350-ஆம் பிரிவு, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் குறையை எழுதிக் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையில்தான் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

நான் கேட்பவை இவை. மேற்சொன்ன நான்கு சொற்களுக்கும் திருத்தம் ஒன்றை ஒரே தாளில் அச்சிட்டு, கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு வினாத்தாள் தயாராவதற்கு முன் எல்லாத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். அதில் மத எதிர்ப்பு சார்ந்த என்பது ஒரு வரியாகவும், கடவுள் மறுப்பாளர், மதப்பற்றற்ற, மதச்சார்பற்ற ஆகியவை அவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களோடு தனித்தனி வரிகளாகவும் இருக்கட்டும். மதத்துரோகி என்ற சொல் எந்த வரியிலும் இருக்கக் கூடாது. ஓணப் பரீட்சையில் அந்த இரண்டு கேள்விகளுக்கும் சரியாக எழுதிக் குறைக்கப்பட்ட பிள்ளைகள் அனைவரின் தாளும் மறுபடி திருத்தப்பட வேண்டும். கோடிட்டும் கோடில்லாமலும் எழுதிய இரண்டு வடிவத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் எழுதுங்கள். அடுத்த பதிப்பை மலையாளப் பட்டியலிலிருந்து பெயர்க்காமல் ஆங்கிலத்திலிருந்து நேரே தமிழாக்குங்கள், தமிழ்வழியில் பாடம் நடத்தும் ஆசிரியர் இருவரையாவது குழுவில் சேர்த்து, அச்சுக்குப் போகுமுன் படிக்கக் கொடுங்கள். ஊதியம் வேண்டாம், என்னைக் கூப்பிட்டாலும் வந்து மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.

இந்த மடலுக்கு எழுத்தில், தமிழில், முப்பது நாளுக்குள் பதில் வேண்டும். திருத்தத் தாள் வந்து சேர்ந்தால் ஒட்டும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். எங்கள் பள்ளியில் அந்தப் புத்தகம் மொத்தம் 46 படி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்